இரண்டடி இறங்கிய அரங்கம்

சிகாகோ நகரின் மிச்சிகன் அவென்யூவில் கோட்டை போல ஒரு கல் கட்டடம் நிற்கிறது. பெயர் ஆடிட்டோரியம். 1889இல் திறந்தது. முன்கூடத்துக்குள் நுழைந்ததும் தலையை அண்ணாந்து பார்க்கத்தான் தோன்றும். கொஞ்சம் குனிந்தும் பார்க்க வேண்டும். சின்னச் சின்னக் கல் பதித்த மொசைக் தரை சமமாக இல்லை. நம்மூர் மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால், குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிவிடும்.

கட்டும்போது தரை சமமாகத்தான் இருந்தது. பிறகு கட்டடம் உட்கார்ந்தது. சில இடங்களில் இரண்டடிக்கும் மேல். வாசற்படி ஒன்றின் உயரம் அரையடி என்று வைத்துக்கொண்டால், நான்கு படிகளை மண் விழுங்கிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே இருக்கும் அரங்கில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

சிகாகோ என்றதும் நம்மில் பலருக்கு 1893இல் அங்கே பேசிய விவேகானந்தர் நினைவுக்கு வருவார். சென்னை அன்பர்கள் திரட்டிக் கொடுத்த பணமும் சேர்ந்துதான் அவரைக் கப்பலேற்றியது. அவர் பேசிய கட்டடம் இதே சாலையில், இங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. மேடையில் யார் பேசினாலும், யார் பாடினாலும், திரையில் யார் தோன்றினாலும், அவர்களோடு சேர்ந்து கட்டடமும் ஒரு வேடம் கட்டுகிறது. கைதட்டல் மட்டும் அதற்குக் கிடைப்பதில்லை. சிகாகோவில் அந்த வேடத்துக்கு உழைப்பு அதிகம். முதல் காரணம் ஊரின் மண்.

ஏரிக்கரை ஊர் அது. மேலே சேறு, கீழே பல மாடி ஆழத்துக்கு மெத்தென்ற களிமண், அதற்கும் கீழேதான் பாறை. ஆடிட்டோரியத்தின் எடை சுமார் 1,10,000 டன். ஐந்து டன் யானைகள் 22,000 ஒரே தெருமுனையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பாறைவரை தூண் இறக்கும் வழக்கம் சிகாகோவில் இன்னும் வரவில்லை. கட்டடக் கலைஞர்கள் டாங்க்மர் ஆட்லரும் லூயிஸ் சல்லிவனும் வேறு வழி பிடித்தார்கள். சேற்று வயலில் நடக்கிறவர் பலகை போட்டுக்கொள்வதில்லையா, அதே வழிதான். பருத்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் ரயில் தண்டவாளங்களையும் இரும்பு உத்தரங்களையும் கான்கிரீட்டில் புதைத்து, பெரிய தெப்பம் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். கட்டடம் தரையில் ஊன்றி நிற்கவில்லை, களிமண்ணில் மிதக்கிறது என்றே சொல்லலாம். மரம் மக்காதா என்று கேட்பீர்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் மரத்துக்குக் காற்று எட்டாது. காற்றில்லாமல் மரத்தை அரிக்கும் பூஞ்சை வாழாது. நனைந்தே கிடக்கும்வரை அது பத்திரம்.

அடுத்த சிக்கல் கோபுரம். கட்டடத்தின் ஒரு பகுதி பத்து மாடி, கோபுரம் மட்டும் பதினேழு மாடி. கனமான பகுதி அதிகமாக இறங்கும், லேசான பகுதி குறைவாக இறங்கும், இரண்டும் சேருமிடத்தில் சுவர் கிழியும். ஆட்லர் செய்த வேலையைப் படித்தபோது எனக்குக் காய்கறிக் கடைத் தராசு ஞாபகம் வந்தது. கோபுரம் எழும்புவதற்கு முன்பே, அது கடைசியில் எவ்வளவு கனக்குமோ அந்தக் கணக்குக்குச் செங்கற்களையும் வார்ப்பிரும்புப் பாளங்களையும் அதன் அடித்தளத்தில் கொட்டி வைத்தார். மண் அப்போதே அமுங்கத் தொடங்கியது. கோபுரம் மாடி மாடியாக ஏற ஏற, பாளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். களிமண்ணைப் பொறுத்தவரை கோபுரம் முதல் நாளிலிருந்தே முழுதாக நின்றுகொண்டிருந்தது.

அப்படியானால் தரை ஏன் சாய்ந்தது? முதல் திட்டத்தில் வெளிச்சுவர்கள் செங்கல்லும் சுடுமண் ஓடுமாக, இலகுவாக இருந்தன. அடித்தளக் கணக்கும் அதற்கேற்ப. பிறகு, இன்னும் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று கல்லுக்கு மாறினார்கள். வெளிச்சுவர் கணக்கை மீறிக் கனத்தது, உட்புறத்தைவிட அதிகமாக இறங்கியது, நடுவில் மாட்டிக்கொண்ட தரை சாய்ந்தது. கணக்குப் போட்டவரின் தவறு அல்ல. கணக்கு முடிந்தபின் வீட்டுக்காரர் ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பது எந்த ஊர் மேஸ்திரிக்கும் தெரிந்ததுதான்.

திறப்பு விழா 1889 டிசம்பர் 9. அமெரிக்க ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் வந்தார். அந்தக் காலத்தின் பெரிய பாடகி அடெலினா பாட்டி பாடினார். சுமார் 4,200 இருக்கைகள். மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. ஒரு தனிக்குரல் தன் சொந்த மூச்சில் கடைசி வரிசைவரை போயாக வேண்டும். அரங்க ஒலியியலைக் கணிதமாக்கிய வாலஸ் சபைன் தன் ஆராய்ச்சியைத் தொடங்கவே இன்னும் ஆறு வருடம் இருந்தது. ஆட்லரின் கையில் இருந்தது அனுபவமும், அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு ஸ்காட்லாந்துப் பொறியாளரின் யோசனையும் மட்டுமே.

அந்தப் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல். 1834இல் ஒரு கால்வாயில் உருண்டோடிய ஒற்றை அலையைக் குதிரையில் துரத்திப் போனாரே, அவரேதான். அலை இயற்பியலில் அந்தத் துரத்தல் பெரிய அத்தியாயம். அரங்க விஷயத்தில் அவர் கேட்ட கேள்வி எளியது: முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலை எனக்குக் காட்சியை மறைக்கிறது என்றால், ஒலியையும் மறைக்காதா? எல்லாத் தலைகளுக்கும் மேலாக, ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு இடைவெளியில் ஒலி வந்து சேர வேண்டுமானால், இருக்கை வரிசைகள் எப்படி உயர வேண்டும்? நேரான சரிவு போதாது. பின்னால் போகப் போக ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் சற்று அதிகமாக ஏற வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் தரை மெல்ல மேல்நோக்கி வளையும். இதற்குச் சமஒலி வளைவு என்று பெயர். எல்லோருக்கும் ஒலி சமமாகப் போய்ச் சேரும் வளைவு என்று பொருள். பெரிய தியேட்டரின் பின்வரிசைகளில் படி ஏறும்போது கால் ஒருமுறை தடுமாறியிருந்தால், இந்த மாதிரி வளைவை உங்கள் முழங்கால் அறிந்திருக்கிறது.

கூரை இன்னொரு பாதி. மேடையைத் தாண்டியதும் நான்கு பெரிய நீள்வட்ட வளைவுகள், ஒன்றைவிட ஒன்று அகலமாக, விரிந்துகொண்டே வருகின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பது நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான். பாடகியின் குரல் நேராகவும் வருகிறது, கூரையில் பட்டும் வருகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இடைவெளி இருந்தால், காது இரண்டையும் சேர்த்து ஒரே குரலாக, கொஞ்சம் செழித்த குரலாகக் கேட்கும். அதற்கு மேல் தாமதமானால் குழப்பம், அல்லது எதிரொலி. அந்த நேரத்தில் ஒலி ஓடும் தூரம் 17 மீட்டர். மேடை அருகே கூரையைத் தாழ்த்தி வைத்ததன் சூட்சுமம் இதுதான். எதிரொலிக்க வேண்டிய கூரை, குரலைத் தூக்கிக் கொடுக்கும் வேலைக்கு மாறிவிட்டது.

தங்கத் தாள் ஒட்டிய அந்த வளைவுகளில் வரிசை வரிசையாகக் கார்பன் இழை பல்புகள், அரங்கம் முழுக்க 3,500 அளவில். எடிசன் பல்பு சந்தைக்கு வந்து பத்து வருடம்கூட ஆகாத காலம். வளைவுகளின் உள்ளே காற்றுக் குழாய்களும் ஓடுகின்றன. பூவேலை என்று நாம் ரசிக்கும் சில இடங்கள் உண்மையில் காற்று வரும் ஜன்னல்கள். சிகாகோவின் அன்றைய காற்று நிலக்கரிப் புகையில் கறுத்தது. அதை மேலிருந்து உறிஞ்சி, நீர்த் தூறலில் கழுவி, கோடையில் ஐஸில் குளிரவைத்து உள்ளே அனுப்பினார்கள்.

ஐஸ் எவ்வளவு வேண்டும்? கையிலேயே கணக்குப் போடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். ஒரு பழைய குண்டு பல்பு. 4,200 பேர் என்றால் 4,200 குண்டு பல்புகள். மூன்று மணி நேர ஓபெரா. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில், அறைச் சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வளவு பசி ஐஸுக்கு. அப்படியும், ரசிகர்களின் உடற்சூட்டை மட்டும் சமாளிக்க ஒரு மாலைக்குப் பதின்மூன்று டன்னுக்கு மேல் ஐஸ் தேவை. லாரிக்கணக்கில் பனிக்கட்டி உருகினால்தான் ஓர் ஓபெரா வியர்க்காமல் நடக்கும்.

மேடைக்குக் கீழே வேறோர் உலகம். மேடைத் தளம் ஒரே பலகை அல்ல. துண்டு துண்டாகப் பிரித்து, நீரழுத்தத்தில் இயங்கும் 26 லிப்டுகளின் மேல் வைத்திருந்தார்கள். கடல் அலை வேண்டுமா, மலை வேண்டுமா, தளமே ஏறும், இறங்கும், சாயும். இந்த ஏற்பாட்டை ஆட்லர் ஐரோப்பாவில் சுற்றிப் பார்த்து, வியன்னாவின் ஆஸ்ஃபலேயா என்ற நிறுவனத்தின் முறையிலிருந்து எடுத்தார். ஆஸ்ஃபலேயா என்றால் கிரேக்கத்தில் பாதுகாப்பு. 1881இல் வியன்னாவின் ரிங் தியேட்டர் எரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தபின், மரமும் கயிறுமாக இருந்த மேடைகளுக்குப் பதில் இரும்பும் நீருமாக மேடை கட்டப் பிறந்த நிறுவனம் அது. ஒரு தீயிலிருந்து கற்ற பாடம் அட்லாண்டிக்கைக் கடந்து சிகாகோவுக்கு 1889இலேயே வந்துவிட்டது. பாதிப் பாடம்தான் வந்தது என்பது 1903இல் தெரிந்தது.

ஆடிட்டோரியத்திலிருந்து வடக்கே ஒரு மைலுக்குள், ராண்டால்ஃப் தெருவில், 1903 நவம்பரில் இரோக்வாய் தியேட்டர் திறந்தது. துளியும் தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம். திறந்து ஐந்து வாரம், டிசம்பர் 30, விடுமுறைக் காலப் பகல் காட்சி. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஒரு வில் விளக்கிலிருந்து பறந்த பொறி திரைச்சீலையில் பட்டது. சுமார் 600 பேர் இறந்தார்கள். 1871இல் நகரத்தையே எரித்த புகழ்பெற்ற சிகாகோ தீயில் இறந்தவர்களைப் போல இரண்டு மடங்கு. விளம்பரம் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. கட்டடம் பெரிதாகச் சேதமடையாமல் நின்றது, பிறகு வேறு பெயரில் மறுபடியும் திறந்தது.

என்ன நடந்தது என்பதை இயற்பியலாகப் பார்ப்போம். மேடைக்கு மேலே, காட்சித் திரைகளைத் தொங்கவிடுவதற்காக, ரசிகர் கண்ணுக்குத் தெரியாத பல மாடி உயரக் கூடு உண்டு. தீப்பிடித்தால் அது புகைபோக்கியாக மாற வேண்டும். அதன் உச்சியில் காற்றுக் கதவுகள் இருக்கும், திறந்தால் சூடும் புகையும் மேலே போய்விடும். அன்று அவை திறக்க முடியாதபடி அடைத்துக் கிடந்தன. மேடைக்கும் ரசிகர்களுக்கும் நடுவே இறங்க வேண்டிய கல்நார்த் திரை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பின்னால் சோதித்தபோது அதில் மரக்கூழ் நிறையக் கலந்திருந்தது தெரிந்தது. தப்பியோடிய நடிகர்கள் மேடையின் பின்புறப் பெருங்கதவைத் திறந்தார்கள். டிசம்பர் மாதக் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. அடுப்புக்கு ஊதுகுழல் வைத்தது போல. தீக்கு மேலே வழி இல்லை, பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது. மீதியிருந்த ஒரே திசை பால்கனி.

கதவுகளுக்கு ஓடியவர்களை இன்னொரு சின்ன விஷயம் கொன்றது. பல கதவுகள் உள்நோக்கித் திறப்பவை, சிலவற்றில் பழக்கமில்லாத தாழ்ப்பாள்கள். உள்ளே இழுத்துத் திறக்கும் கதவைத் திறக்க ஓரடி பின்னால் நகர வேண்டும். முதுகில் நூறு பேர் அழுத்தும்போது யாரால் நகர முடியும்?

அன்றைய காட்சிக்குப் போவதாக இருந்து போகாமல் விட்டவர் கார்ல் பிரின்ஸ்லர், இண்டியானாபொலிஸ் நகரில் வானெகட் என்ற இரும்புச் சாமான் கடையின் விற்பனையாளர். எழுத்தாளர் கர்ட் வானெகட்டின் குடும்பக் கடைதான். பிரின்ஸ்லரும் ஹென்றி டூபாண்ட் என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த பொருளை 1908 முதல் விற்றார்கள். கதவின் குறுக்கே, இடுப்பு உயரத்தில், ஒரு நீளத் தண்டு. அதில் எந்த இடத்தில் எது பட்டாலும் தாழ்ப்பாள் விலகிக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். கை வேண்டாம், இடுப்பு போதும். வெளிச்சம் வேண்டாம். யோசனைகூட வேண்டாம். முன்பு கதவை அடைத்த அதே கூட்ட நெரிசல் இப்போது கதவைத் திறக்கும் விசை. வானெகட், டூபாண்ட், பிரின்ஸ்லர் மூவரின் பெயர்களிலும் முதல் பகுதியை எடுத்து ஒட்டி அதற்கு வான் டூப்ரின் என்று பெயர் வைத்தார்கள். நம்மூர் மல்டிபிளெக்ஸில் படம் முடிந்து வெளியேறும் வழியில் கதவின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை இருக்குமே, பாப்கார்ன் டப்பாவோடு முழங்கையால் தள்ளுகிறோமே, அதன் மூதாதை இது. இரோக்வாய் நின்ற அதே இடத்தில் 1926இல் ஓரியண்டல் தியேட்டர் எழுந்தது. இன்றும் நெடர்லாண்டர் என்ற பெயரில் அங்கே நாடகம் நடக்கிறது.

நெருப்பைச் சமாளித்த ஊர் அடுத்து வெயிலைப் பிடித்தது. ஏ.சி. இல்லாத காலத்தில் சிகாகோவின் கோடை, தியேட்டர்காரர்களுக்குக் கடையை மூடும் பருவம். பார்னி பலபான் என்பவர் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவர். வெண்ணெயையும் முட்டையையும் கெடாமல் காக்கிற குளிர், மனிதர்களுக்கு ஆகாதா என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. குடும்பமாகச் சினிமாத் தொழிலில் இறங்கிய பலபான் அண்ட் கேட்ஸ் நிறுவனம் 1917இல் சென்ட்ரல் பார்க் தியேட்டரைக் குளிரூட்டும் இயந்திரத்தோடு திறந்தது.

கிடங்குகளில் அப்போது அமோனியா வாயுதான் குளிர் கடத்தியது. கசிந்தால் மூச்சை அடைக்கும் நஞ்சு. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை வைக்க முடியாது. ஆகவே கரியமில வாயுவை எடுத்துக்கொண்டார்கள், சோடாவில் இருக்கும் அதே வாயு. கொஞ்சம் கசிந்தால் ஆளைக் கொல்லாது. அதற்குக் கொடுத்த விலை அழுத்தம். அதைத் திரவமாக்கக் கார் டயரில் இருப்பதைப் போல முப்பது மடங்கு அழுத்தம் வேண்டும். கனத்த இரும்புக் குழாய்கள், பெரிய அமுக்கிகள். அமுக்கிய வாயுவின் சூட்டைத் தண்ணீர் கொண்டுபோகும். பிறகு சட்டென்று விரியவிட்டால் அது சில்லிட்டுப்போய்ச் சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சும். அந்தக் கால அரங்குகள் சிலவற்றில் குளிர்காற்று இருக்கைகளுக்கு அடியிலிருந்து வந்தது. தலை வியர்க்க, கால் விறைக்கும். பாதங்களில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு படம் பார்த்தார்களாம். குளிர்காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும், ஆகவே மேலிருந்து விட வேண்டும் என்று புரிந்த பிறகுதான் காலுக்கு விடுதலை.

இந்த வரலாற்றின் ஒரு துண்டு நம் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. ஏ.சி. வாங்கும்போது ஒன்றரை டன் என்று கேட்கிறோமே, அது எந்த டன்? இயந்திரத்தின் எடை இல்லை. ஒரு அமெரிக்க டன் ஐஸ், அதாவது 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு குளிர் கிடைக்குமோ அதுதான் ஒரு டன். ஐஸ் வண்டிகளின் காலத்தில் பிறந்த அளவு, ஐஸ் போனபின்னும் தங்கிவிட்டது. 1921இல் இதே நிறுவனம் திறந்த சிகாகோ தியேட்டரில் சுமார் 3,900 இருக்கைகள். அரங்கம் நிரம்பினால் ஆட்களின் சூட்டுக்கு மட்டும் நம் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. எழுபதுக்கு மேல் வேண்டும். கோடை, மூடும் பருவத்திலிருந்து முதல் பருவமாக மாறியது. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே ஏ.சி. என்ற இரண்டெழுத்து ஒட்டிய காலம் நினைவிருக்கும். பாதிப் பேர் அந்த இரண்டெழுத்துக்காகவே போனோம். பார்னி பலபான் பின்னாளில் பாரமவுண்ட் நிறுவனத்துக்குத் தலைவரானார்.

அந்தச் சிகாகோ தியேட்டரில் வுர்லிட்சர் ஆர்கன் ஒன்று இன்னும் இருக்கிறது. மௌனப் படங்களுக்கு ஒரே ஆள் ஒரு வாத்தியக் கோஷ்டியாக உட்கார்ந்து வாசிப்பதற்கான கருவி. கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன மின்காந்தம் விழிக்கும், அது ஒரு துளைக் காற்றை விடும், அந்தக் காற்று ஒரு வால்வைத் திறக்கும், எங்கோ சுவருக்குப் பின்னால் இருக்கும் குழல் பாடும். டிரம்மும் மணியும்கூட நிஜமானவை, சுவருக்குள் ஒளிந்திருப்பவை. கட்டடத்துக்கே குரல்வளை வைத்த மாதிரி.

இந்த அரண்மனைகளைவிட எனக்குப் பிடித்தது சவுத்போர்ட் அவென்யூவில் உள்ள மியூசிக் பாக்ஸ். 1929இல் திறந்த, எழுநூற்றுச் சொச்சம் இருக்கைகள் கொண்ட சின்னத் தியேட்டர். பேசும் படம் வந்துவிட்டது, ஆனால் நிலைக்குமா என்று யாருக்கும் நிச்சயமில்லாத வருடம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆர்கனுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் இடம் விட்டே கட்டினார்கள். உள்ளே நுழைந்தால் இத்தாலிய ஊர் ஒன்றின் முற்றத்தில் இரவில் நிற்பது போல இருக்கும். இரு பக்கமும் வீட்டு முகப்புகள், மேலே கருநீல வானம். நட்சத்திரங்கள் மினுங்கும், மேகங்கள் நகரும். வானம் வெறும் சாந்துக் கூரை. அதில் பொடித் துளைகள், பின்னால் சின்ன பல்புகள். மேகத்துக்குச் சுழலும் தட்டில் வரைந்த படமும் ஒரு விளக்கும். கூரைக்குத் தங்கமும் சிற்பமும் செய்வதைவிட இது மலிவு, பார்ப்பவருக்கோ வெட்டவெளி. இருட்டில் தூரம் தெரியாத கண்ணின் பலவீனத்தில் கட்டிய வானம்.

இதே தியேட்டர் இன்றும் பிலிமில் படம் ஓட்டுகிறது, 70 மி.மீ. படங்கள் உட்பட. புரொஜெக்டர் அறையில் ஓடும் விஷயம் வானத்தைவிடப் பெரிய ஏமாற்று. பிலிம் ஓடுகிறது என்கிறோம். அது ஓடினால் திரையில் கோடுதான் தெரியும். உண்மையில் அது நொடிக்கு 24 முறை நிற்கிறது. நிறுத்துவது ஒரு சின்ன இரும்புச் சிலுவை, மால்டா சிலுவை என்பார்கள். நான்கு கைகள், கைகளுக்கிடையே நான்கு பிளவுகள். பக்கத்தில் ஒரு சக்கரம் இடைவிடாமல் சுற்றுகிறது, அதன் விளிம்பில் ஒரு முளை. ஒவ்வொரு சுற்றுக்கும் முளை ஒரு பிளவுக்குள் நுழையும், சிலுவையைக் கால் திருப்பு திருப்பும், வெளியே வரும். மீதி முக்கால் சுற்றும் சிலுவை அசையாமல் பூட்டிக் கிடக்கும். சிலுவையின் தண்டில் பல் சக்கரம். சாதாரண 35 மி.மீ. பிலிமுக்குப் பதினாறு பற்கள். கால் திருப்பில் நான்கு பல், ஒரு படத்துக்கு ஓரத்தில் நான்கு துளை. கச்சிதம். அகலப் பிலிமுக்கு இருபது பல், ஐந்து துளை.

படம் நகரும் அந்த நேரம் நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அப்போது ஒரு தகடு வந்து ஒளியை மறைக்கும். அப்போது மட்டும் மறைத்தால் நொடிக்கு 24 முறை திரை மினுக்குவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே படம் நிற்கும்போதும் ஒருமுறை வேண்டுமென்றே மறைத்து, 48 முறையாக்கிவிடுகிறார்கள். கண் சோர்ந்து, தொடர்ந்து வெளிச்சம் என்று ஒப்புக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால், இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் திரை இருட்டாகத்தான் இருக்கிறது. அந்த இருட்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட். சிலுவை 2,16,000 முறை திரும்பியிருக்கும், 70 மி.மீ. பிலிம் ஐந்து கிலோமீட்டர் கடந்திருக்கும். ஆபரேட்டருக்குக் கேட்பது அந்தத் தட்தட் சத்தம் மட்டும்.

மறுபடி மிச்சிகன் அவென்யூவுக்கு வருவோம். ஆடிட்டோரியத்திலிருந்து ஏரிக்கரைப் பக்கமாக வடக்கே நடந்தால் மில்லேனியம் பூங்கா. இந்தக் கரையில் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 1836லேயே நகர வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார்கள். ஆகவே 2003இல் இங்கே வந்த ஹாரிஸ் தியேட்டர், 1,500 இருக்கைகளோடு, பெரும்பகுதி தரைக்குக் கீழே போய்விட்டது. அடுத்த வருடம் வந்த பிரிட்ஸ்கர் இசை மேடையின் எஃகுத் தகடுகள் மரச் சீவல்கள் போல வானில் சுருண்டு நிற்கின்றன. வடிவமைத்தவர் ஃபிராங்க் கெரி. அது கட்டடம் இல்லையாம், கலைப்படைப்பாம். சட்டத்துக்கு அப்படித்தான் பதில் சொன்னார்கள்.

மேடைக்கு எதிரே 4,000 இருக்கைகள், அதற்கும் பின்னால் 7,000 பேர் உட்காரும் புல்வெளி. மொத்தத்துக்கும் மேலே வளைந்த எஃகுக் குழாய்களால் ஒரு பந்தல். 600 அடி நீளம், 300 அடி அகலம், கொடி மட்டும்தான் படரவில்லை. அதில் ஒலிபெருக்கிகள் தொங்குகின்றன. இங்கேதான் வேடிக்கை. புல்வெளியில் 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மேடையின் வயலின் ஒலி வந்துசேர ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். தலைக்கு மேலிருக்கும் ஒலிபெருக்கிக்கு மின்சாரத்தில் உடனே வந்துவிடும். அப்படியே விட்டால் முதலில் வானத்தில் வயலின், பிறகு மேடையில் வயலின். ஆகவே ஒவ்வொரு ஒலிபெருக்கியையும் அது இருக்கும் தூரத்துக்கு ஏற்பக் காத்திருக்க வைக்கிறார்கள், நிஜ ஒலி கடந்துபோன ஒரு கணத்துக்குப் பிறகுதான் அது வாயைத் திறக்கும். முதலில் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைதான் உண்மை என்று மூளை முடிவு கட்டிவிடும், பின்னால் வருவது சத்தமாக இருந்தாலும் சரி. முதலொலி விளைவு என்று இதைச் சொல்லலாம். இன்னொரு கூட்டம் ஒலிபெருக்கிகள், இல்லாத சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியைத் தயாரித்துக் கொடுக்கின்றன. ஆட்லர் சாந்தில் வளைத்த கூரையை இவர்கள் கணினியில் வளைத்தார்கள்.

கச்சேரி முடிந்து பாயைச் சுருட்டும்போது, உட்கார்ந்திருந்த புல்லைத் தட்டிப் பார்க்கலாம். அது தரை இல்லை, கூரை. கீழே கார்கள் நிற்கின்றன, ரயில் பாதை போகிறது. அத்தனையும் தாங்கும் தூண்களுக்குப் பாரம் கூடாமலிருக்க, பூங்காவின் மேடுகளில் பல இடங்களில் மண்ணுக்கு அடியே நிரப்பியிருப்பது தெர்மாகோல்.